வாங்குக்குப் பின்னால் நின்ற தலையாட்டி

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் நான் எழுந்து சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவேன். எனக்கு எப்போதும் உயிரோடு இருக்கிறவர்களிடம்தான் பயம். இதைக் கேட்டுச் சிரிப்பதென்றால் சிரியுங்கள், என் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறேன். அதே சம்பளத்துக்கு இன்னும் அதிக அறை செய் என்று நிர்வாகம் எங்களைப் பிழிந்தது, முதுகு முறிந்துகொண்டிருக்க முகத்தில் சிரிப்பும் வேண்டுமாம், நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. என்ன செய்யலாம் என்று கதைக்க ஒரு ஞாயிறு பின்னேரம் பக்கத்து இங்கிலீஷ் பப்பின் பின்னறையில் கூடினோம். ஜூன் மாதம், யன்னலெல்லாம் வெயில். நாங்கள் உட்கார்ந்த நீளமான கறுத்த மரவாங்குகள் இங்கிலாந்தில் ஒரு சத்திரத்தில் இருந்தவையாம். இருநூறு வருடத்துக்கு முன் நெசவாளர்கள் அவற்றில் இருந்து ஒளித்துக் கூட்டம் போட்டதாகவும், பிறகு யாரோ காட்டிக் கொடுத்துத் தூக்கில் தொங்கியதாகவும் பப் கடைக்காரன் சொன்னான். பியர் விற்கச் சொல்லும் கதை என்று நினைத்தேன்.

என் பக்கத்தில் வசந்தி. கூட வேலை செய்கிறவள், எனக்குத் தங்கச்சி மாதிரி. இந்த வேலை போனால் ஊரிலிருக்கும் புருஷனை அவளால் இங்கே கூப்பிடவே முடியாது. எதிரே ஜெகன், உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை.

"கதைச்சுக் காணும். நாளைக்குப் பின்னேரம் கீழை இறங்கி மெசினுகளை உடைப்பம். மெசின் நிண்டால் ஹோட்டல் நிண்டிடும்" என்றான் ஜெகன். எரித்திரியாக்காரி செலாமும் மற்றவர்களும் சரி என்றார்கள். வசந்தியும் தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் ஜெகனுக்குப் பின்னால் ஒருவன் நிற்பதைக் கண்டேன். மெலிந்த வெள்ளைக்காரன், நனைந்த மண்ணிறக் கோட்டு, கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வெளியே ஒரு துளி மழையில்லை. குனிந்து ஜெகனைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு செலாமைத் தாண்டி, மற்றவர்களைத் தாண்டி, என்னைத் தாண்டி, வசந்தியைப் பார்த்து இன்னொரு முறை ஆட்டினான்.

அந்தத் தலையாட்டலை நான் முன்பும் கண்டிருக்கிறேன். சின்ன வயதில் ஊரில் ஆமிக்காரன் எங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, முகத்தைச் சாக்கால் மூடி ஆள் காட்டிக் கொடுக்கும் ஒரு தலையாட்டியின் முன்னால் நடக்க விட்டான். அவன் தலையாட்டியதும் ஆமி இழுத்துக்கொண்டு போன என் சித்தப்பா திரும்பி வரவேயில்லை. அகப்படப் போகிறவர்களைத்தான் இவனும் காட்டுகிறான் என்று நினைத்தேன்.

"எழும்பு, வா போவம்" என்று வசந்தியை இழுத்தேன்.

"உங்களுக்கென்ன விசரே அக்கா? நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

விடவில்லை. புருசெத்தில் இருக்கும் என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன், மறுநாள் பின்னேரமும் அவளை வெளியே விடவில்லை. மெசினடியில் போலீஸ் காத்திருந்தது. செலாமுக்கும் போனவர்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. ஜெகனுக்கு மட்டும் ஸ்தவாங்கர் நகரில் அதே கம்பனியின் ஹோட்டலில் மேற்பார்வையாளர் பதவி கிடைத்தது. நாசமாய்ப் போவான், எங்கள் பிள்ளைகளுக்குத் தின்ன ரோல்ஸ் கொண்டுவந்து தந்தவன் அவன்.

பிறகு கடைக்காரனிடம் போய் அந்த ஆளைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கு உங்களைத் தவிர யாரும் வரவில்லை என்றான். நெசவாளரைக் காட்டிக் கொடுத்தது யார் என்றேன். அவர்களோடு அதே வாங்கில் இருந்த அரசாங்க ஒற்றனாம், உடைப்போம் கொளுத்துவோம் என்று எல்லோரையும் கிளப்பிவிட்டதும் அவனேதானாம். ஜெகனும் அப்படித்தானே எங்களைக் கிளப்பினான்.

செலாமைப் பார்த்து அந்தக் கழுத்துச் சரிந்தவன் ஆட்டவில்லையே. அகப்பட்டவர்களில் ஒருவரைப் பார்த்தும் ஆட்டவில்லை. காட்டிக் கொடுத்தவனைப் பார்த்துத்தான் ஆட்டினான், பிறகு வசந்தியைப் பார்த்து.

வசந்தியின் புருஷன் வந்துவிட்டார், ஒஸ்லோவிலேயே அம்மருட்டில் இருக்கிறார்கள். "நீங்கள் இல்லாட்டி இவர் இஞ்சை வந்திருக்கமாட்டாரக்கா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி எனக்குச் சோறு போடுவாள். அவள் நல்லவள்தான், சத்தியமாக நல்லவள். எனக்குக் கோபமெல்லாம் அந்தச் செத்தவனில்தான், ஜெகனோடு நிறுத்தியிருக்கக் கூடாதா அவன்.

போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள், "திரும்பவும் கூட்டம் போடுறியளாம், எங்கை அக்கா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.