நாற்காலி லாரி

லாரியின் பின்பக்கத்திலிருந்து குதித்தபோது அவருக்குக் கால் முறிந்தது. ஊர் ஊராகச் சரக்கு ஏற்றிப் போய், வண்டியிலேயே தூங்கி வண்டியிலேயே விழித்த மனிதர், இப்போது மாவுக்கட்டோடு அக்கா வீட்டு சோபாவில் கிடந்தார். துணிக்கடை வேலைக்குக் கிளம்பிய அக்கா, மகளை அவர் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“டேய், சும்மாதானே கிடக்கே. ரெண்டு மாசத்துல இவ பாலர் பள்ளிக்குப் போகணும். நாலு எழுத்து சொல்லிக்கொடு.”

“ஸ்டியரிங்கைத் தவிர வேற எதையும் பிடிச்சுப் பழக்கமில்லையேக்கா!”

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் குட்டி மருமகள் வீட்டில் புலி, வெளியில் எலி. மாமாவின் மீசையைப் பிடித்து இழுப்பாள். வாசலில் யாராவது பேர் கேட்டால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். அவளைப் பிடித்து வைத்து ‘அ’ எழுதச் சொன்னார். பென்சில் பறந்தது. அவர் குரலை உயர்த்தினார். அவள் அதைவிட உயர்த்தினாள். மதியத்துக்குள் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் அவர் பென்சிலைத் தேடவே இல்லை. அவளே சாப்பாட்டு மேசை நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்து வந்து வரிசையாகப் போட்டாள்.

“மாமா, லாரி. நீ ஓட்டு.”

அவருக்குக் கை துறுதுறுத்தது. நொண்டிக்கொண்டே போய் முன் நாற்காலியில் உட்கார்ந்தார். தொழில் என்று வந்துவிட்டால் அவர் கறார். காய்கறிக் கூடையை அப்படியே கவிழ்க்கப் போனவளைத் தடுத்தார். “கண்டபடி போட்டா வண்டி சாயும். பெருசு அடியில, சின்னது மேல.”

அவள் உருளைக்கிழங்கை ஒரு பக்கம், வெங்காயத்தை ஒரு பக்கம் பிரித்தாள். அளவு பார்த்து அடுக்கினாள். எண்ணும்போது ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவினாள்.

“ஒண்ணு வழியில விழுந்துடுச்சு போல,” என்றார் மாமா. அவள் முதலிலிருந்து எண்ணினாள்.

சாயங்காலம் அக்கா வந்து பார்த்தால், பாதிச் சமையலறை கூடத்தில் கிடந்தது. “படிப்பு சொல்லிக்கொடுன்னா வீட்டைச் சந்தைக்கடை ஆக்கி வச்சிருக்கே!”

“சரக்கு எவ்வளவுன்னு முதலாளியம்மாவைக் கேளு,” என்று மருமகளைக் காட்டினார் அவர்.

மகள் ஒவ்வொன்றாகத் தொட்டு, தாவாமல், பத்து வரை எண்ணினாள். அக்கா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து எதிர்வீட்டுச் சிறுமி கதவோரம் வந்து நின்றாள். மருமகள் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினாள். ‘போய்ப் பேசு’ என்ற சொல் அவர் நாக்கு நுனி வரை வந்தது; விழுங்கிக்கொண்டார். போர்வைக்குள் தலையணைகளைத் திணித்துப் பெரிய மூட்டையாகக் கட்டினார்.

“ஒரு ஆள் தூக்குற சரக்கில்லையே இது. எனக்கோ கால் இந்த லட்சணத்துல,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நாற்காலி மெல்ல நகரும் சத்தம் கேட்டது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மருமகளின் குரல்: “அந்தப் பக்கம் பிடி.”

அவர் திரும்பவே இல்லை. மூட்டை தொப்பென்று விழுந்தது. மறுபடி விழுந்தது. கடைசியில் சிரிப்புச் சத்தத்தோடு ஏறியது. சுவர் அவர் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்தது.

பள்ளி திறந்த அன்று அவள் அழத்தான் செய்தாள். வாசலில் மாமாவின் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஒரு காகிதக் கப்பலை விட்டு, “இதை அந்தக் கரைக்கு ஊதிவிட ஆள் வேணுமே,” என்றார். சட்டையிலிருந்து ஒவ்வொரு விரலாக விலகியது.

அன்றே அவர், கட்டுப் பிரித்த காலோடு லாரி முதலாளியிடம் போய், இனி உள்ளூர் ஓட்டம் மட்டும் போதும் என்றார்.

“வெளியூர் ஓட்டத்துல என்னய்யா குறை?”

“குறை ஒண்ணுமில்லைங்க. சாயங்காலமானா வீட்டுல ஆள் காத்திருக்கும்.”