காவடிக்கு ஊத்துன தண்ணி

எங்க வீடு மலைக்குப் போற ரோட்டு மேலேயே இருக்குது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துகினு வர்றவங்க எங்க வாசலைத் தாண்டித்தான் போகணும். வெறுங்காலோட வருவாங்க. அவங்க கால்ல மஞ்சத் தண்ணி ஊத்தி, கும்பிட்டு அனுப்புறது எங்க வீட்டு வழக்கம். நான் கல்யாணமாகி வந்தப்போ கிணத்துல சேந்தித்தான் ஊத்தணும். நாலு குடம், அஞ்சு குடம். கை வலிச்சா நிறுத்திடுவோம்.

அப்புறம் என் வீட்டுக்காரர் போர் போட்டார். ஓஸ் பைப் வந்துச்சு. கை வலிக்கிறது நின்னுபோச்சு.

போன ஆடியில கூட்டம்னா கூட்டம். தார் ரோடு கொதிச்சுது. ஒரு கும்பல் போனா அடுத்த கும்பல். "ரோட்டுக்கும் நல்லா ஊத்துங்கம்மா, காலு வேவுது"ன்னு கேட்டாங்க. மேளக்காரங்க தலையை நீட்டினாங்க. கைப்பிள்ளையைக் கொண்டாந்து குளிப்பாட்டினாங்க. எதிர்த்துப் பேச எனக்கு எப்பவும் வராது. யார் என்ன கேட்டாலும் ஆங்னு சொல்லிடுவேன். மூணு நாள் மோட்டாரை நிறுத்தவே இல்ல. மூணாம் நாள் சாயங்காலம் பைப்பு இருமிச்சு. கொஞ்சம் சேறு வந்துச்சு, அப்புறம் வெறும் காத்து.

மறுநாள் காலையில மகன் வந்து நின்னான். ரோட்டோரமா இட்லிக் கடை வச்சிருக்கிறான். "அம்மா, நைனா போட்ட போர் அவ்ளோதான். இன்னும் ஆழமா போட்டாத்தான் கடை நடக்கும். நைனா போனப்புறம் மனை உம் பேர்லதான் இருக்குது. போர் வண்டியை வரச் சொல்லட்டா?"

ஆங்னு சொன்னேன்.

மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வந்தாங்க. வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, என்னைவிட ரெண்டு வயசு மூத்தவங்க. அவங்க போர் எங்களதைவிட ஆழம் கம்மி. மருமகளுக்குப் பிள்ளை பொறந்து பத்து நாள்தான் ஆயிருந்துச்சு.

"ஏம்மா, உங்க சாமிங்களுக்குக் காலு குளுந்துச்சா? எங்க வீட்ல பிள்ளைத் துணி அலசச் சொட்டுத் தண்ணி இல்ல."

சிரிச்சிகினேதான் கேட்டாங்க. ஆனா உள்ள வந்து உக்காரல. "உன் மகன் ஆழமா போடப் போறானாமே? போட்டா எங்களுக்கு ஊறுறதும் ஊறாது. வேணாம்னு சொல்லும்மா."

அவங்களுக்கும் ஆங்னு சொன்னேன்.

அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. மூணு நாள் எத்தனை பேர் நல்லாயிருங்கம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க. அதே தண்ணி இல்லாமத்தான் பக்கத்துல பச்சைப் பிள்ளைத் துணி குவிஞ்சு கெடந்துச்சு. நான் செஞ்சது தர்மமா, பாவமா? கடை நடக்கலன்னா மகன் என்ன செய்வான்? "ஊத்துனது மண்ணுக்குள்ளதானே போச்சு, திரும்ப ஊறிடாதா?"ன்னு அவனைக் கேட்டேன். "தார் ரோட்ல எங்கம்மா ஊறும்? ஆவியாப் போச்சு"ன்னான்.

ஆவணி பொறந்த முதல் வெள்ளிக்கிழமை போர் வண்டி வந்துச்சு. ரோடே அதிர்ந்துச்சு. மகன் தேங்காயும் கற்பூரமும் வச்சிகினு நின்னான். அக்கா அவங்க வீட்டு வாசல்ல நின்னு என்னையே பார்த்தாங்க. நான் எப்படி ரோட்டுக்கு வந்தேன்னு எனக்கே தெரியல. வண்டிக்காரர்கிட்ட, "இன்னைக்கு வேணாங்க"ன்னேன்.

"ஏம்மா, நாள் சரியில்லையா?"

"ஆங்."

"ஆவணி வெள்ளி, வளர்பிறை. இதுக்கு மேல என்னாம்மா நாளு?"ன்னு மகன் கத்தினான். வண்டி வந்த வழியே திரும்பிப் போயிடுச்சு. நாலு நாள் அவன் என்கிட்ட பேசல. அக்காகிட்ட, உங்களுக்காகத்தான் அனுப்பினேன்னு சொல்லவும் எனக்கு வரல. அதுதானான்னு நிச்சயமாவும் தெரியல.

இப்போ ரெண்டு வீட்டுக்கும் லாரித் தண்ணிதான். முதல் தடவை வந்தப்போ லாரிக்காரரைக் கேட்டேன், எங்கேர்ந்து எடுக்கிறீங்கன்னு.

"கே.ஜி.கண்டிகைம்மா. கழனிப் போரு."

"பக்கத்துல வீடுங்க இருக்குதா?"

"இல்லாமயா? ஏம்மா கேக்குறீங்க?"

அதுக்குள்ள லாரிக்காரர் பைப்பைத் தொறந்துட்டார். அக்கா தவலையைக் கீழ வச்சிட்டு என்னைப் பார்த்தாங்க. "பிடிங்கக்கா, வழியுது"ன்னேன்.