வெள்ளச்சிக்கு என்ன நோவு

மக்கீன் பாஸ் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் என்ஜின் வேலை பார்த்தவர், 'பாஸ்' என்பது அந்தக் கைவேலைக்கு ஊர் கொடுத்த பட்டம். பழுதான பஸ் உள்ளே வந்தால் மற்றவர்கள் ஸ்பெனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டிரைவரிடம் கேள்வி கேட்கத் தொடங்குவார். சத்தம் எப்போது வருகிறது? ஆள் நிறைந்திருக்கும்போதா, வெறும் வண்டியிலா? காலைக் குளிரிலா, சூடேறிய பிறகா? டிரைவர்மாருக்கு எரிச்சல் வரும். ஆனாலும் பத்தாவது கேள்விக்குள் பழுது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார், பெரும்பாலும் அது அங்கேதான் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சொந்த வீட்டுப் பூனை ஏன் கத்துகிறது என்பது இருபது நாள், மூன்று கிழமையாகப் பிடிபடவில்லை.

சொந்த வீடு என்று சொன்னது பிழை. வீடு இப்போது மகள் றிப்னாவுடையது. கல்முனைப் பக்கத்தில் பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடும் அவளோடு போகும். சரியாகச் சொன்னால், வீடு நிற்கும், பெற்றவர்கள்தான் போவார்கள். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். இன்னொரு மகள் இருந்தால் அவளுக்கென்று கட்டும் வீட்டுக்கு வாப்பாவும் உம்மாவும் மாறுவார்கள். மக்கீனுக்கு ஒரே மகள். அதனால் அவரும் மனைவி சுஹறாவும் சமையல் குசினிக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. அறைக்குச் சாயம் பூசியதுகூட அவர்தான், அதுவும் சந்தோஷமாக.

கல்யாணத்துக்கு முன் வீட்டையும் அவர் சும்மா விடவில்லை. சீமெந்துத் தரையை மூடிப் பளபளவென்று டைல் பதித்தார். வேலியைப் பிடுங்கி ஆளுயர மதில் கட்டினார். வளவு முழுக்கக் கடல் மண்ணாகக் கிடந்த முற்றத்துக்கு, சிவப்பும் சாம்பலுமாகப் பூ விழும்படி இன்டலொக் கல் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது செருப்பில் மண் ஒட்டக் கூடாது என்பது இந்த ஊரில் ஒரு கௌரவம். கொத்தனாருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்தார். முழங்கால் வலி அன்றைக்குத்தான் தொடங்கியது, ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளச்சிக்குப் பதினான்கு வயது. பொத்துவிலிலிருந்து வந்த பஸ்ஸின் என்ஜின் மூடியைத் திறந்தபோது உள்ளேயிருந்து கிரீஸ் அப்பிய முகத்தோடு எட்டிப் பார்த்த குட்டி. றிப்னாவுக்கு அப்போது பத்து வயது. பெயர் வைத்தவள் அவள்தான், பிறகு பள்ளிக்கூடம், பரீட்சை என்று அவள் போய்விட, பூனை மக்கீனுடைய பூனையாகிவிட்டது. அவர் தொழும்போது முஸல்லா விரிப்பின் ஓரத்தில் படுத்திருக்கும், ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் எழும்பி வாலை ஆட்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட வீட்டுக்குள் அசிங்கம் பண்ணியதில்லை.

கல்யாணம் முடிந்து ஐந்தாறு கிழமையில் கத்தல் ஆரம்பித்தது. பசிக் கத்தல் இல்லை, இனம் தேடும் கத்தலும் இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் நீளமான ஓலம். தீனும் குறைந்தது. சூடை மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சுஹறாவுக்கு அது கண்ணூறு. "இவ்வளவு சனம் வந்து போன ஊடு. ஆர்ர கண்ணோ பட்டுட்டு" என்று ஓதி ஊதிய தண்ணீரைத் தெளித்தாள். பூனை இன்னும் உரக்கக் கத்தியது. றிப்னாவுக்கு அது பொறாமை. "இவர் வந்தது அதுக்குப் புடிக்கல்ல வாப்பா. நான் அதப் பாக்கிறதே இல்ல எண்டு கோவம்."

அந்த வாரமே பொறாமைக்குச் சாட்சியும் கிடைத்தது. புது மெத்தையில், அதுவும் மாப்பிள்ளை அர்ஷாத் படுக்கும் பக்கத்தில், வெள்ளச்சி மூத்திரம் பெய்துவிட்டது. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையுடைய முஸல்லாவில். பூனை சுத்தமான பிராணிதான், அதில் மார்க்கத்துக்குச் சந்தேகம் இல்லை. அதன் மூத்திரம் அப்படியல்ல. அர்ஷாத் முஸல்லாவைத் தானே கழுவிக் கொடியில் போட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் மக்கீனுக்கு இலேசாக இருந்திருக்கும். பேசாமல் பிழிந்து உதறிய அந்த உதறல்தான் பின்னறை வரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை றிப்னா முடிவைச் சொன்னாள். அர்ஷாதின் கூடப்பிறந்த நானாவுக்கு நாவிதன்வெளியில் வயல். அங்கே நெல் வைக்கும் வாடியில் எலித் தொல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வயலுக்கு உரப் பசளை ஏற்றிக்கொண்டு லொறி போகும்போது பூனையையும் கொடுத்துவிடலாம்.

"நல்ல இடம் வாப்பா. விசாலமா இரிக்கும்."

"ஓம் மகள்" என்றார் மக்கீன்.

வேறென்ன சொல்ல? வீடு அவளுடையது. ஆனால் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். பதினான்கு வயதுப் பூனை எலி பிடிக்கப் போகிறதா? நரியும் நாயும் திரியும் வயல்வெளியில் அது ஒரு கிழமை தாங்காது. நாலு நாளுக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் வெள்ளச்சி இல்லை.

மனிதர் கையைப் பின்னால் கட்டினார். எந்த டிரைவரிடம் கேட்பது? பூனையிடம்தான் கேட்க வேண்டும், அதன் வாய்க்குக் கத்த மட்டும்தான் தெரியும். கலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் நேரங்களைக் குறித்தார். விடியல் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, எழும்பிச் சோம்பல் முறித்தவுடன். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்து. பின்னேரம் அசருக்குப் பிறகு. இரண்டு நாள் அப்படியே வந்தது. சாப்பிட முன் கத்தவில்லை, சாப்பிட்ட பிறகுதான் கத்துகிறது. அப்படியென்றால் கண்ணூறும் இல்லை, பொறாமையும் இல்லை. பொறாமைக்கு ஏது பஸ்ஸைப் போல நேரசூசி?

புதன்கிழமை பூனையைக் காட்போட் பெட்டியில் வைத்து ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். ஆட்டையும் கன்றுக்குட்டியையும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு இவர் முகத்தையும் பார்த்தார்கள். டொக்டர் ஓர் இளம் பெண். பூனையின் முதுகில் தொடங்கி விரலால் தடவிக்கொண்டே போய் இடுப்பில் அழுத்தினார். வெள்ளச்சி சீறியது.

"இடுப்பு மூட்டு தேஞ்சிட்டு ஐயா. வயசு. இனி இது பாயாது, ஏறாது. நோவு இருக்கு."

"பொஞ்சாதி கால்வாசி பனடோல் குடுத்துப் பாப்பமா எண்டு கேட்டா, டொக்டர்."

"ஐயோ, குடுத்துப்போடாதீங்க! பூனைக்கு அது நஞ்சு." பிறகு வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "மூத்திரப் பை நிரம்பிப் போய்க் கிடக்கு. அடைப்பு ஒண்டும் இல்ல. இது தானா அடக்கி வச்சிருக்கு."

"ஏன் அடக்குது?"

"அத நீங்கதான் பாக்கணும். வீட்டில என்ன மாறினது?"

"ஒண்டும் மாறல்ல டொக்டர். நாங்கதான் பின்னுக்குப் போயிட்டம்" என்று மக்கீன் சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. நோவுக்கு மருந்து எழுதிக் கொடுத்து, அளவைத் தாண்ட வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

வியாழன் அசர் தொழுதுவிட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளச்சி உள்ளேயிருந்து வந்தது. நடுக் கூடத்தால் வரவில்லை. சுவரோடு ஒட்டி, ஒவ்வொரு காலாக வைத்து, டைலில் பின்னங்கால் வழுக்கும்போது நின்று, மறுபடி நடந்து வந்தது. மக்கீன் அதைப் பார்த்துக்கொண்டே தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். புதுச் சாயத்தின் வெள்ளைப் பொடி அதில் ஒட்டியிருந்தது. டைல் பதித்த நாளிலிருந்து அவரும் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

தண்ணீர்க் குழாயடிக்குப் பூனை போனது. அங்கே ஒரு காலத்தில் தோடை மரம் நின்றது, அடியில் எந்நேரமும் பொலபொலவென்று மண். இப்போது சிவப்புக் கல். வெள்ளச்சி அந்தக் கல்லை வலது காலால் விறாண்டியது. நகம் கல்லில் கிறீச்சிட்டது. திரும்பி முகர்ந்தது. மறுபடி விறாண்டியது. கற்களுக்கு இடையில் நூலளவு மண் இருந்ததே, அதையாவது எடுக்கலாமா என்று பார்த்தது. பிறகு மதிலடிக்குப் போய் மேலே அண்ணாந்து, பின்பக்கத்தை ஆட்டி, பாயப் போவதுபோல் பதுங்கி, பாயாமல் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்து கத்தியது. தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒதுங்க ஓரிடம் கிடைக்காமல் முந்தானையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பெண்ணை மக்கீன் எத்தனை தரம் பார்த்திருக்கிறார்! அதே தவிப்பு.

"யா அல்லாஹ்" என்றார்.

முடியாத கட்டத்தில் அது காலுக்கு மெத்தென்று மெதுவான இடத்தைத் தேடியிருக்கிறது. வீட்டில் மெதுவாக இருந்தது இரண்டே பொருள், மெத்தையும் முஸல்லாவும். மாப்பிள்ளையோடு அதற்கு ஒரு வழக்கும் இல்லை. மூன்று கிழமையாக இவர் வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், பழுது றோட்டில். றோட்டைப் போட்டவர் இவர்.

விஷயத்தைக் கேட்டதும் சுஹறா பழைய பேசின் ஒன்றில் கடல் மண் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். விளிம்பு உயரம். வெள்ளச்சி ஒரு காலைத் தூக்கி வைத்தது, பேசின் டைலில் நகர்ந்தது, அத்தோடு சரி.

"குழாயடியில நாலு கல்லக் கழட்டி உடுங்களன்" என்றாள் சுஹறா.

"நெனச்சபடி கழட்ட இது நம்மட ஊடா?"

அந்தக் கேள்வியை இரண்டு மாதத்தில் அவர்கள் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலையில் மக்கீன் சட்டை போட்டு, பொத்தான் பூட்டி, கந்தோர் வேலைக்குப் போகிறவர் மாதிரிக் கூடத்துக்குப் போனார். அர்ஷாத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். றிப்னா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மக்கீன் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இடுப்பு நோவு, அடக்கி வைத்தது, கல்லை விறாண்டியது, மெத்தை. அர்ஷாத் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுதான் மகள்... குழாயடியில ஒரு பன்னிரண்டு கல்லு. நான் பாத்துக் கவனமாக் கழட்டுவன், பூ பிசகாது. மருமகனும் நீங்களும் அனுமதி தந்தா..."

"என்ன தந்தா?" றிப்னா மடித்த துணியைப் போட்டுவிட்டு எழும்பினாள். "அனுமதியா? நீங்க கட்டின ஊட்டுல கல்லுக் கழட்ட என்னட்டயா வாப்பா அனுமதி?"

"இல்ல மகள், முறை எண்டு ஒண்டு..."

"என்ன முறை? ரெண்டு மாசமா முன் கதவைத் தட்டிப்போட்டு வெளிய நிக்கிறீங்க. உம்மா பிரிட்ஜ்ல தண்ணி எடுக்க என்னட்டக் கேக்கிறா. நான் கல்யாணம் முடிச்ச நேரம் ஊடு தாங்க எண்டு ஒரு சொல்லுக் கேட்டனா? ராவைக்குப் படுத்தா, உங்கள தொரத்திப்போட்டுப் படுத்த மாதிரி இரிக்கி எனக்கு." அவள் அழுதாள். சின்ன வயதில் அழுததுபோல், மூக்கைக் கையால் துடைத்துக்கொண்டு அழுதாள். "அந்தப் பூன வாய் தொறந்து கத்தினது வாப்பா. நீங்க ரெண்டு பேரும் கத்தவுமில்லயே."

மக்கீன் பாஸிடம் கேள்வி ஒன்றும் இல்லை. கூடத்தில் டைலின் மேல் வெறுங்காலோடு நின்றார். பஸ்ஸின் சத்தம் கேட்டுப் பழுது சொன்ன காதுக்கு, ஒரு சுவருக்கு அப்பால் படுத்திருந்த மகளின் சத்தம் கேட்கவில்லை. அது அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, சொல்லத் தெரியாத ஒரு ஆறுதலாகவும் இருந்தது.

அர்ஷாத்தான் முதலில் அசைந்தார். சாறனை மடித்துக் கட்டினார்.

"மாமா, கல்லு நெம்ப அலவாங்கு எங்க கிடக்கு?"

பன்னிரண்டு என்று தொடங்கி இருபது கல் போனது. பூவும் பிசகியது. கடற்கரையிலிருந்து இரண்டு சாக்கு மண் வந்தது. மருந்து கலந்த மீனைத் தின்றுவிட்டு வெள்ளச்சி கதிரைக்கு அடியில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அரைக்கண்ணால் பார்த்தது. ஜும்ஆவுக்குப் பிறகு லொறி வந்து, பசளையை மட்டும் ஏற்றிக்கொண்டு நாவிதன்வெளிக்குப் போனது.

அசருக்குப் பிறகு வெள்ளச்சி சுவரோரமாக வந்தது. மண்ணை முகர்ந்தது. ஒரு காலை வைத்தது, மற்றக் காலையும் வைத்தது. தோண்டியது, வெகுநேரம் தோண்டியது, தேவைக்கு மேலே தோண்டியது. பிறகு திரும்பி, இடுப்பைப் பைய இறக்கி, கண்ணை மூடியது. மக்கீன் பாஸ் மரியாதைக்கு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

உள்ளேயிருந்து றிப்னா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். முன் கதவு சாத்தித்தான் இருந்தது. தட்டுவதற்குக் கை தானாக எழும்பியது. எழும்பிய கையாலேயே கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனார்.