ஆண் வெட்டுக்கிளி

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். வேலை பார்த்த மில் மூடிய பிறகு லாரி, கனகசெட்டிக்குளத்தில் வலை இழுப்பு, கட்டட வேலை. எதிலும் ஓராண்டு தங்கியதில்லை. இப்போது லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்கு வெட்டுக்கிளி பிடித்துக் கொடுக்கிறேன். ஆண் மட்டும்தான் வேண்டும். அதன் விந்தகத்தில் செல் பிரிவது எந்நேரமும் நடந்துகொண்டிருக்கும். பெண் அகப்பட்டால் புல்லிலேயே விட்டுவிடுவேன்.

போன மாதம் என் தங்கைக்கு மூன்றாவது கருவும் கலைந்தது. கலைந்ததைச் சோதித்த மருத்துவர், அதில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருந்தது என்றார். கணவன் மனைவி இருவரும் குரோமோசோம் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சீட்டு எழுதினார். தங்கை கொடுத்தாள். மாப்பிள்ளை கொடுக்கவில்லை. ரெட்டியார்பாளையத்தில் அவன் அம்மா அவனுக்கு வேறு பெண்ணே பார்த்துவிட்டாள்.

அது எப்படிக் கூடும் என்று கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் மேடத்திடம் கேட்டேன்.

"குரோமோசோம் பிரியற வரைக்கும் அதை ஒரு புரதம் கட்டிப் புடிச்சிருக்கும்ண்ணே. ஈஸ்ட்டு, வெங்காயம், வெட்டுக்கிளி, நாம, எல்லாத்துலயும் அந்தக் குடும்பம் இருக்கு. ஜோடியை ஏணி மாதிரி சேக்கற புரதம் வேற. அது ஒவ்வொரு உயிர்லயும் அடையாளம் தெரியாம மாறிடுச்சு, வேலை மட்டும் அதே வேலை. பிடி முன்னாடியே விட்டா எண்ணிக்கை தப்பும்."

"யாரால மேடம்? எங்க பொண்ணாலயா?"

"பெரும்பாலும் முட்டையிலதான் ஆகுது. ஒரு பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே அவ முட்டை பிரிய ஆரம்பிச்சு பாதியில நிக்கும். வருசம் போகப் போக பிடி தளரும். அது யார் குத்தமும் இல்ல. ஆம்பளைகிட்டேர்ந்தும் வரலாம். ரெண்டு பேரையும் பாக்காம சொல்ல முடியாது."

அவன்தான் காரணம் என்று சொல்வார் என எதிர்பார்த்துப் போனவன் நான். அந்த ஏமாற்றமும் சேர்ந்து எரிய, சைக்கிளை ரெட்டியார்பாளையத்துக்கு மிதித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கூடத்தில் இருந்தாள். "உங்க வம்சத்து ரத்தமே சரியில்லப்பா. எங்க பக்கம் அதெல்லாம் கெடையாது."

"பாத்தாதானே அத்த தெரியும்? எங்க காலேஜுல ஆணைத்தான் அறுத்துப் பாக்கறாங்க. உங்க புள்ள ஒரு ஊசிக்கே ஓடறான்."

"வெட்டுக்கிளி புடிக்கறவன் டாக்டராயிட்டான் பாரு!"

மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. நான் எதுக்குக் குடுக்கணும்?"

மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்கே எண்ணிக்கை தவறுகிறது, இவனுக்குத் தவறாதாம். சட்டையைப் பிடித்துவிட்டேன்.

தங்கை உள்ளிருந்து வந்து என் கையை எடுத்தாள். "விடுண்ணா. நீ அடிச்சா அவருக்குச் சாக்கு கெடச்சிடும்." அவன் பக்கம் திரும்பினாள். "திங்கக்கெழம ரத்தம் குடுங்க. இல்லன்னா உங்கம்மா பாத்திருக்கற பொண்ணு வீட்டுல இந்தச் சீட்டைக் காட்டுவேன். அவங்களுக்கும் தெரியணும்ல?"

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக்கூட வாசலில் உச்சிவெயில் வரை நின்றோம். அவன் வரவில்லை.

மறுநாள் தங்கையைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் அப்பா கேட்டருகில் நின்றபடியே சீட்டைப் படித்தார்.

"ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கே. உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கம்மா?"

"இல்லீங்க, அவரு ரத்தமே குடுக்கல," என்றாள் தங்கை. "அதச் சொல்லத்தான் வந்தேன்."