கொத்தனார் கட்டிய விறகுச் சுவர்

அந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கொத்தனார் வீட்டுக் கொல்லையைப் பார்த்தால் மதில் சுவர் என்றுதான் நினைப்பார்கள். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால்தான் அது விறகு என்று தெரியும். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நூல் பிடித்த மாதிரி நேர். நூல் பிடித்த மாதிரி என்ன, நூல் பிடித்தேதான் அடுக்கினார். வரிக்கு வரி ரசமட்டம் வைத்தார், மூலைக்கு மூலை தூக்குக்குண்டு விட்டார். விறகுக்குத் தூக்குக்குண்டு விட்ட மனுஷர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

நாற்பது வருஷம் சுவர் கட்டிய கை, பாவம், அது என்ன செய்யும்? யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் மற்றவர்கள் சாப்பாட்டைப் பார்க்க, இவர் சுவரைப் பார்ப்பார். "இந்த மூலை அரை விரல் சாஞ்சிருக்கே" என்று வீட்டுக்காரர் காதில் விழும்படி சொல்லுவார். மேசைக்குக் கீழே அவர் மனைவி காலை மிதிப்பாள். மிதிபட்ட பிறகும், "இல்லம்மா, நிஜமாவே சாஞ்சிருக்கு" என்பார். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்றைக்கே வாசற்படி கோணல் என்று சொன்னவர். அப்படியும் பெண்ணைக் கொடுத்தார்கள் என்றால், அந்தக் குடும்பத்தின் பெருந்தன்மையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாமனார் போகும்போது மேட்டுச் சரிவில் இருந்த சின்ன மரத்தோப்பை மகளுக்கும் மகனுக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் போனார். அந்த ஊர்க் குளிர் எலும்பு வரைக்கும் போய் விசாரிக்கிற குளிர். ஒவ்வொரு வீட்டு நடுவிலும் ஒரு இரும்பு அடுப்பு, அதிலிருந்து கூரைக்கு ஒரு புகைக்குழாய். விறகு இல்லாத வீட்டில் குளிர்காலத்தைத் தள்ளுவது முடியாத காரியம்.

மாமனாரின் மகன், அதாவது கொத்தனாரின் மச்சான், பஸ் கண்டக்டர். ஐம்பது பேர் ஏறவேண்டிய பஸ்ஸில் தொண்ணூறு பேரை அடுக்கத் தெரிந்த ஆளுக்கு நாலு விறகை அடுக்கத் தெரியாது. இரண்டு பேரும் வருஷா வருஷம் இலை உதிர்ந்த பிறகு தோப்புக்குப் போவார்கள். எந்த மரத்தை வெட்டுவது என்பதிலேயே தகராறு ஆரம்பித்துவிடும். கொத்தனார் கோணல் மரமாகப் பார்த்து, "இதை முதல்ல எடுக்கணும், கண்ணை உறுத்துது" என்பார். கண்டக்டர் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிற மரமாகப் பார்த்து, "இதுதான் மாமா நம்மளக் கூப்பிடுது" என்பார். மோட்டார் ரம்பத்தை ஆளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்து, விழுந்த மரத்தைக் கிளை கழித்து, முழம் முழமாகத் துண்டு போடுவார்கள். பிறகு கயிறு கட்டிச் சரிவில் இறக்கவேண்டும். மேலே நின்று கயிற்றை விடுகிறவர் கண்டக்டர். பஸ்ஸில் விசில் கொடுத்த பழக்கத்தில் இங்கேயும் ஒரு விசில் கொடுத்துவிட்டுத்தான் விடுவார். ஒரு தடவை விசில் அடித்தவர் கயிறு கட்ட மறந்துவிட்டார். அந்தக் கட்டை கொத்தனாரைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கீழே நின்ற டிராக்டர் டிரெய்லரிலேயே போய் விழுந்தது. "பாத்தீங்களா, நேரா ஸ்டாப்புல போய் நின்னுது" என்று கண்டக்டர் இன்றைக்கு வரைக்கும் பீற்றிக்கொள்வார்.

ஒரே மரம், ஒரே நாள், ஒரே டிரெய்லர். ஆப்பு வைத்துக் கோடரியால் பிளப்பதும் ஒன்றாகத்தான். அதற்குப் பிறகுதான் பாதை பிரியும். கண்டக்டர் தன் பங்கைக் கொட்டினால் கொட்டின இடத்தில் கிடக்கும். நாலு கட்டை நிற்கும், நாலு கட்டை படுக்கும், ஒன்று வேலி மேல் காலைத் தூக்கிப் போட்டிருக்கும். மேலே ஒரு பழைய தகரம். அவ்வளவுதான் அவர் ஏற்பாடு.

"என்ன மச்சான், இது விறகா, நிலநடுக்கமா?" என்பார் கொத்தனார்.

"எரியப்போறதுதானே மாமா. அதுக்குப் போய் அலங்காரம் பண்ணணுமா?"

கொத்தனாருக்கு அது சகிக்காது. சுவரில் சந்து விட்டால் அது கொத்தனுக்கு அவமானம். அதனால் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால், சின்னச் சிராய்களைச் செதுக்கி ஆப்பாக அடித்தார். அதற்கும் மிஞ்சிய சந்தில் ஈரப் பட்டையையும் மரத்தூளையும் திணித்து, கொத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் தட்டி மட்டம் பண்ணினார். ஒரு சுண்டெலி கூட உள்ளே போகமுடியாது. மழைக்காலம் வந்தால் தார்ப்பாயை மேலிருந்து தரை வரைக்கும் இழுத்து மூடி, அடியில் செங்கல் வைத்து அழுத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது பார்க்க வந்தால் மட்டும் தார்ப்பாய் விலகும். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

இதில் கொத்தனாரம்மாவுக்கு ஒரே ஒரு குறை. அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரில் அந்தச் சுவர் எழும்பிவிட்டது. முன்பெல்லாம் அங்கே நின்றால் கொல்லைக் கோடியில் அவர் வேலை செய்வது தெரியும். "இப்ப உங்க இருமல் மட்டும்தான் வருது, ஆளைக் காணோம்" என்று ஒரு தடவை சொன்னாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அவ்வளவு கெட்டியான சுவர்!

அடுப்பு அந்த அம்மாளின் இலாகா. எடுப்பதானால் பின்வரிசையில், ஓரத்திலிருந்து எடுக்கவேண்டும் என்பது மட்டும் அவர் உத்தரவு. அவள் தலையை ஆட்டினாள். மூன்று குளிர்காலம் அடுப்பு கணகணவென்று எரிந்தது, துளிப் புகை கிடையாது. அதைவிட அதிசயம், எவ்வளவு எரித்தாலும் அடுக்கு குறைந்த மாதிரியே தெரியவில்லை. "நெருக்கி அடுக்கினா இதான் லாபம். மூணு வருஷ விறகு எப்படி நிக்குது பாரு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நாலாவது குளிர்காலம் தொடங்கும்போது கொத்தனாரம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் படுக்கவேண்டியதாகிவிட்டது. கொத்தனார் ஆடிப்போனார். ஆஸ்பத்திரிச் சுவர் ஒரு பக்கம் வெடித்திருந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ரூம் எப்பவும் சூடா இருக்கணும். ஆனா புகை ஆகவே ஆகாது. கொஞ்சம் புகை போனாலும் மறுபடி இங்கதான் வரணும். உங்களால முடியலன்னா இன்னும் ஒரு மாசம் இங்கயே இருக்கட்டும்."

"ஒரு மாசமா?" கொத்தனார் எழுந்தே நின்றுவிட்டார். "டாக்டரம்மா, எங்க வீட்டு விறகைப் பத்தி ஊரையே கேட்டுப் பாருங்க."

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டியிலேயே கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை வீட்டுக்குள் இருந்த விறகுப் பெட்டி காலி. பன்னிரண்டு நாளில் அதிலிருந்ததை அவரே எரித்துத் தீர்த்திருந்தார். சரி, நம்மிடம் இல்லாத விறகா என்று கொல்லைக்குப் போனார். தார்ப்பாயை விலக்கி, பின்வரிசை ஓரத்தில் கைவைத்தவர் அப்படியே நின்றார். மொத்தத்தில் இரண்டே இரண்டு கட்டைதான் எடுக்கப்பட்டிருந்தது. மற்ற இடத்தில் மூன்று வருஷத்துக்கு முன் அவர் அடித்த சிராய் அடித்த இடத்திலேயே இருந்தது.

யோசிக்க நேரமில்லை. நெம்பி ஒரு கட்டையை உருவினார். கை சில்லிட்டது. கட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். காய்ந்த விறகு 'டங்' என்று சொல்லும். இது 'தொத்' என்றது. நடுவிலிருந்து உருவினார், அதுவும் தொத். இன்னும் ஆழத்தில் போனால் காளானே முளைத்திருந்தது. காற்றுக்கு ஒரு சந்து விடாமல், ஈரத்தை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறோம் என்பது புரிந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இருந்தாலும் மனசு கேட்குமா? இருப்பதில் நல்லதாகப் பொறுக்கி அடுப்பில் வைத்தார். கட்டை புஸ்ஸென்று சீறியது, நுனியில் நுரை தள்ளியது, பிறகு அறை முழுக்கப் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லா ஜன்னலையும் திறந்தார். புகை போனது, இருந்த கொஞ்சநஞ்சச் சூடும் அதன் பின்னாலேயே போனது. மணி பத்து. அந்தக் குளிர்ந்த அறையில், அவள் படுக்கப்போகிற கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போக ஒரே இடம்தான் இருந்தது. அது பின்தெரு, கண்டக்டர் வீடு. நடுவில் ஒரு உயிர்வேலி, அதில் ஒரு ஆள் புகுகிற சந்து. அதைக்கூட அடைக்கவேண்டும் என்று பல தடவை கிளம்பினார். ஏனோ அவர் மனைவி விடவில்லை. போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். 'மச்சான், ஒரு சின்ன உதவி' என்று ஆரம்பிக்கலாம். 'நிலநடுக்கம்' என்று சொன்னதற்கு எப்படியும் மூக்கை உடைக்கப்போகிறான், உடைக்கட்டும்.

கண்டக்டர் விறகு பிளக்கும் அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மாமாவைப் பார்த்ததும் எழுந்திருந்து, "எங்க மாமா, கூடையைக் கொண்டு வரலையா?" என்றார்.

"என்ன கூடை?"

"அதான், அக்கா எப்பவும் கொண்டு வருமே, அந்த நீலத் துணிக்கூடை..." சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் பஸ் கிளம்பிவிட்டது, இனி விசில் ஊதிப் பயனில்லை.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டார் கொத்தனார்.

"என்னை விட்டுடுங்க மாமா. சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்."

"எத்தனை வருஷமா மச்சான்?"

"முதல் வருஷத்துலேர்ந்தே. ஒரு தடவை உங்க அடுக்குலேர்ந்து ரெண்டு கட்டை எடுத்து அடுப்புல வச்சிருக்கு. வீடெல்லாம் புகை. அன்னைக்கு சாயங்காலமே கூடையோட இங்க வந்துடுச்சு. நீங்க வேலைக்குப் போன பிறகு வரும், துணி காயப்போடற மாதிரி எடுத்துட்டுப் போகும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

கண்டக்டர் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். "நானும் அதையேதான் சொன்னேன். அக்கா கேக்கல. 'நாப்பது வருஷம் அடுத்தவங்க வீட்டுக்கே சுவர் கட்டினாரு. தனக்குன்னு ஆசையாக் கட்டினது இது ஒண்ணுதான்டா. இதுல போய் யாரும் குத்தம் சொல்லாதீங்க'ன்னு சொல்லுச்சு."

கொத்தனாருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், சொல்லத் தெரியாத அளவுக்கு அவள் மேல் பிரியமாக இருந்தது. ஊரார் வீட்டுச் சாய்வையெல்லாம் வாய் கூசாமல் சொன்னவர் அவர். அவருடைய சாய்வை மூன்று வருஷம் ஒருத்தி இடுப்பில் கூடையோடு சுமந்திருக்கிறாள்.

"அப்ப நின்னுட்டே இருக்கீங்களே, கூடையை எடுத்துட்டு வாங்க" என்றார் கண்டக்டர். "நான் தள்ளுவண்டி கொண்டாறேன். மணி ஆகுது."

அந்தக் குவியலில் எந்தக் கட்டையை எடுத்துத் தட்டினாலும் டங் என்றது. வேலிச் சந்து வழியாக ஒன்பது நடை. கண்டக்டர் ஒவ்வொரு நடைக்கும் விசில் கொடுத்தார், கொத்தனார் அந்த விசிலுக்கே நடந்தார். மூன்று மணிக்கு அறை வெதுவெதுவென்று இருந்தது. கொத்தனார் நாலு மூலையிலும் போய் முகர்ந்து பார்த்தார், புகை வாசனையே இல்லை.

நாலு மணிக்கு அவள் வந்தாள். இளைத்திருந்தாள். கைத்தாங்கலாக அழைத்து வந்து அடுப்பருகில் நாற்காலியில் உட்கார்த்தி, காலுக்குக் கம்பளி போர்த்தினார். அவள் கையை நீட்டிச் சூட்டை வாங்கிக்கொண்டு தீயைப் பார்த்தாள்.

"நெஞ்சு அடைக்குதா? புகை ஏதாவது?"

"துளி இல்லீங்க" என்றாள். "உங்க விறகுன்னா சும்மாவா?"

அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நேரே அடுக்களைக்குப் போய், பாதி விறகோடு இருந்த நீலக் கூடையைத் தூக்கி வந்து அவள் காலடியில் வைத்தார். அவள் கூடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு வேலிப் பக்கமாகப் பார்த்து, "அந்தப் பயலுக்கு வாய் நிக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. கொத்தனார் பதறிப்போய், "சிரிக்காத, சிரிக்காத, டாக்டரம்மா திட்டுவாங்க" என்று முதுகைத் தடவினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. கொத்தனார் தன் கையாலேயே சுவரைப் பிரித்தார். போட்டோ எடுக்க வந்த ஒருவர் ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டு போனார். அடியில் இரண்டு வரி செங்கல் போட்டு, தரையில் படாமல், கட்டைக்குக் கட்டை விரற்கடை இடைவெளி விட்டு, மறுபடி அடுக்க ஆரம்பித்தார். தார்ப்பாயைக் கிழித்து மேலே மட்டும் போடுவதாகத் திட்டம். கண்டக்டர் மேஸ்திரி மாதிரி நின்று, "இன்னும் கொஞ்சம் கோணலா வைங்க மாமா, கை பழகிடும்" என்று வெறுப்பேற்றிக்கொண்டிருந்தார். கொத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தார். ரசமட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

அடுக்கு கழுத்தளவு வந்தபோது அடுக்களை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"என்னங்க!"

"என்னம்மா? சாஞ்சிருக்கா?"

"சாஞ்சிருந்தா இருந்துட்டுப் போகுது. நீங்க தெரியறீங்க."

கொத்தனார் கட்டைகளின் இடைவெளி வழியாக ஜன்னலைப் பார்த்தார். அவள் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. நாற்பது வருஷத்தில் எந்தச் சுவரிலும் செய்யாத காரியமாக, அவள் முகத்துக்கு நேராக இருந்த ஒரு கட்டையை உருவி எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மேற்கொண்டு அடுக்கினார்.