ஏற்காடு ஏரியின் இரண்டாவது தீவு

நாங்கள் முதன்முதலாக ஏற்காட்டுக்குப் போனது 1994 பிப்ரவரியில். தேனிலவு என்று நினைத்துவிடாதீர்கள், கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரு ஏரியில் எத்தனை தீவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் போனோம். வங்கியில் விடுப்புக் கேட்டபோது இதைத்தான் காரணமாகச் சொன்னேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

என் கணவர் ரகுநாதன் வரைபடம் வரைபவர். சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் தமிழ்நாட்டுத் தீவுகளைப் பற்றி ஒரு வரைபடப் புத்தகம் போட இருந்தது. செயற்கைக்கோள் படம் என்பது அப்போது பெரிய சமாசாரம். இன்றைக்கு மாதிரி கைபேசியில் விரலால் இழுத்துப் பார்க்கிற விஷயமில்லை. ஐதராபாத்தில் அந்தப் படங்களைத் தருகிற அரசு அலுவலகத்துக்கு எழுதிப்போட்டு, பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்தால் பெரிய தாளில் அச்சிட்ட படம் வந்து சேரும். அதில் மரம் மட்டையெல்லாம் சிவப்பாகத் தெரியும், தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ரகு அதன் மேல் டிரேசிங் தாளை விரித்துக் கரைகளை வரைவார். மன்னார் வளைகுடாத் தீவுகள், ஸ்ரீரங்கம் என்று போய்க் கடைசிப் பக்கம் ஏற்காடு ஏரித் தீவு. எல்லாப் பக்கத்திலும் கீழே ‘மூலம்: செயற்கைக்கோள் படம்’ என்று ஒரு வரி. அட்டையில் இவர் பெயர். பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை என்பதால் பால் பூத்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிற பெண் ஏற்காட்டில் படகில் போனவள். ஏரியில் ஒரு தீவுதானே உண்டு, இதில் இரண்டு போட்டிருக்கிறதே என்று கேட்டுவிட்டாள். நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்த மனுஷன் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், ஏற்காடு போகலாமா என்று தானாகக் கேட்டார். பீச்சுக்குக் கூப்பிட்டாலே யோசிக்கிற ஆள். அதிர்ஷ்டம் கதவைத் தட்டுகிறது என்று நான் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியை எடுத்தேன்.

சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் ஏறினால் விடிவதற்குள் சேலம். அங்கிருந்து ஏற்காடு சுமார் முப்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். டிக்கெட் ஆறு ரூபாய் என்று ஞாபகம். அடிவாரத்தில் பஸ் ஐந்து நிமிடம் நிற்கும், எலுமிச்சம்பழம் வாங்க வேண்டுமானால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மேலே மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இவர் இருபதையும் வளைவு பிசகாமல் வரைந்தவர்தான், ஆனால் பதினான்காவதில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். கண்டக்டர் ரொம்பப் பதவிசாக, ரோட்டைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நூற்றிருபது ரூபாய்க்கு அறை கிடைத்தது. வெந்நீர் பக்கெட்டுக்கு மூன்று ரூபாய் தனி. காப்பி பறிப்பு முடிகிற சமயம், எஸ்டேட் களங்களில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. கூட்டம் இல்லை. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா சமயத்தில் போனால் இந்த விலைக்கு வராந்தாகூடக் கிடைக்காது.

பத்து மணிக்கெல்லாம் படகில் உட்கார்ந்துவிட்டோம். ஏரியை முழுதாகச் சுற்றினோம். தீவு ஒன்று. மறுபடி சுற்றச் சொன்னார். அப்போதும் ஒன்றுதான். துடுப்புப் போட்ட பழனி என்பவர் இவர் மடியிலிருந்த புரூஃபை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கைடு புத்தகத்தை வைத்துக்கொண்டு வருகிறவர்களெல்லாம் இதையேதான் தேடுகிறார்களாம்.

“அது மல்லிகாக்காவோட தீவுங்க. தண்ணியில கெடைக்காதுங்க, அந்தா அந்தக் கடையில போய்க் கேளுங்க.”

படகுத்துறைக்கு எதிரே இருந்தது அந்தப் பெட்டிக்கடை. மிளகு, கொய்யா, பிஸ்கட், இவற்றோடு ஒரு ரூபாய்க்கு ஏற்காடு மேப். மல்லிகாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். தாத்தா காலத்தில் காப்பி வேலைக்குக் கீழேயிருந்து மலையேறி வந்த குடும்பம். பத்தாவது படித்து டைப்பிங்கும் கற்றுக்கொண்டவள். எஸ்டேட் வேலைக்குப் போகாமல் ஊரைச் சுற்றி நடந்து, கயிறு பிடித்து அளந்து, தானே ஸ்டென்சிலில் கீறி, டைப்பிங் வகுப்புக்காரரின் சைக்ளோஸ்டைல் மெஷினில் ஓட்டி விற்றாள். குடும்பம் நடந்ததே மேப் வியாபாரத்தில்தான், பிஸ்கட் சும்மா பேருக்கு.

இவர் புரூஃபை விரித்தார். அவள் குனிந்து பார்த்தாள், சிரிக்கவில்லை.

“ஏனுங்க சார், இந்தத் தீவு உங்களுக்கு எப்படிங்க கெடச்சுது?”

செயற்கைக்கோள் படத்திலிருந்து என்றார் இவர்.

“மேல இருந்து பாத்தாத் தெரியுதுங்களா?”

“தெரியும்.”

“அது நான் போன வருசம் ஊட்டுல உக்காந்துக்கிட்டு, சோறு வேகற நேரத்துல வரஞ்சதுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இவர் முகமோ திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். கீழே ஒருத்தர் கலர் அட்டை போட்டு ஒரு சுற்றுலாக் கைடு வெளியிட்டார். அதில் மல்லிகாவின் மேப் அப்படியே இருந்தது, பெயர் மட்டும் இல்லை. அதன் பிறகு மேலே வருகிறவர்களெல்லாம் கையில் கைடோடு வந்தார்கள். மேப் வேணுங்களா என்று இவள் கேட்டால், இருக்கிறதம்மா என்று அவளுடைய படத்தையே அவளிடம் காட்டிவிட்டுப் போனார்கள். போய்க் கேட்டதற்கு, ஏரியை யார் வரைந்தாலும் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று பதில் வந்தது. சரி என்று திரும்பி வந்து, அடுத்த ஸ்டென்சிலில் ஏரிக்குள் இல்லாத ஒரு குட்டித் தீவை வரைந்து வைத்தாள். கைடின் அடுத்த பதிப்பில் அந்தத் தீவும் அச்சு அசலாக வந்துவிட்டது. இப்போது சென்னையிலிருந்து அதே தீவு, ஆகாயத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறது.

அப்போதும் இவர் விடவில்லை. தண்ணீரில் பாசி படர்ந்தால் படத்தில் சிவப்பாகத்தான் தெரியும், அதைத் தீவு என்று எடுத்திருக்கலாம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். மல்லிகா வாதாடவில்லை.

“எனக்கு அந்தப் படமெல்லாம் புரியாதுங்க. நாளைக்குச் சேர்வராயன் கோயிலுக்கு வாங்க. சாமி முன்னால நின்னு, மேல இருந்து பாத்துத்தான் வரஞ்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அதுக்கப்பறம் நான் ஒண்ணும் கேக்கமாட்டேனுங்க.”

வரப்புத் தகராறு, கோழி காணாமல் போனது எல்லாவற்றுக்கும் ஊர்க்காரர்களுக்கு அங்கேதான் முடிவாம். அவள் மிரட்டலாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். சொல்லிவிட்டார். அந்தப் படத்தில் ஏற்காடு ஏரி நாலைந்து கறுப்புப் புள்ளி மட்டும்தான். கரையும் தெரியாது, தீவும் தெரியாது. பதிப்பாளர் நெருக்கினார், கைக்கு அந்தக் கைடு அகப்பட்டது, அதைப் பார்த்து வரைந்துவிட்டு மற்றப் பக்கங்களைப் போலவே செயற்கைக்கோள் படம் என்று மூலம் போட்டுவிட்டார். சின்ன ஏரிதானே என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். சாமி முன்னால் பொய் சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள், நான் அப்படியே சேலத்துக்கு பஸ் ஏறிவிடுவேன் என்றேன்.

ஏரியிலிருந்து கோயில் ஆறு கிலோமீட்டர் போல. ஜீப்புக்கு எண்பது ரூபாய் கேட்டார்கள். நடக்கலாம் என்றார் இவர், எவ்வளவு தாமதமாகப் போகிறோமோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு. கடைசி ஏற்றம் தவிர நல்ல பாதை, மேலே போனால் மொட்டையாகப் பரந்த புல்வெளி. காற்று நிற்க விடாது, பிப்ரவரியிலும் சால்வை வேண்டும். கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், தரை ஈரமாக இருக்கும், வழுக்கும்.

மல்லிகா எங்களுக்கு முன்பே தேங்காயோடு வந்திருந்தாள். பூசாரி கற்பூரம் காட்டினார். இவர் முதுகை வளைத்தபடி நின்று, “மேலிருந்து பாத்து” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. பொய் சொல்லிவிடுவாரோ என்று நிஜமாகவே பயந்தேன்.

“உங்க மேப்தாம்மா,” என்றார் கடைசியில். “நேரா உங்ககிட்ட வாங்கினதுகூட இல்ல. அந்தக் கைடப் பாத்து வரஞ்சேன்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு எங்களுக்கு விபூதி வாங்கிக் கொடுத்தாள். வெளியே புல்லில் உட்கார்ந்தோம். அந்தத் தீவை அழித்துவிடுகிறேன் என்றார் இவர்.

“தீவ அழிச்சாப் போதுங்களா? கரை யாருதுங்க? ஒரு பக்கம் விடாம நடந்து அளந்தது நானுங்க. என்ற பேரப் போடுங்க. புஸ்தகத்துல பேரு இருந்தா, வர்றவங்க கடையத் தேடி வருவாங்க.”

போடுகிறேன் என்றார். பிறகு என்ன தோன்றியதோ, பையிலிருந்து செயற்கைக்கோள் படத்தை எடுத்து விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். மல்லிகா நெடுநேரம் பார்த்தாள். குப்பனூர்ப் பக்கம் இறங்குகிற சாலை அவள் மேப்பில் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போகும். அந்தப் பக்கம் அவள் போனதே இல்லையாம், யாரோ சொன்னதை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்டது. ஏரி புள்ளியாகத் தெரிந்த அதே படத்தில், மைல்கணக்கில் நீளும் அந்தச் சாலை மெல்லிய கோடாக வளைந்து நெளிந்து கிடந்தது. பென்சிலை எடுத்தவள் கையை நிறுத்தினாள்.

“சார், இத நான் எடுத்துக்கலாங்களா?”

எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவர் படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

மலையிலிருந்து இறங்கியதும் எஸ்டிடி பூத்துக்குப் போய்ப் பதிப்பாளரைக் கூப்பிட்டார். அவர் கத்தியது வெளியே நின்ற எனக்கே கேட்டது. செயற்கைக்கோள் என்று சொன்னால்தான் புத்தகம் விற்கும், பெட்டிக்கடைக்காரி பெயரைப் போட்டால் எவன் வாங்குவான், தீவை அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு என்றார். மூலத் தாள்களெல்லாம் என் வீட்டில்தான் இருக்கின்றன, மல்லிகா பெயர் இல்லாமல் ஒரு தாளும் வராது என்று இவர் சொன்னார். சரி, போட்டுத் தொலைக்கிறேன் என்று பதிப்பாளர் போனை வைத்துவிட்டார். அந்த இடத்தில் எனக்கு இவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

திரும்பும்போது வேண்டுமென்றே குப்பனூர் வழியாக இறங்கினோம். சுற்று வழிதான், பஸ்ஸும் குறைவு, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஆனால் வாந்தி வருகிறவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன், வளைவுகள் அவ்வளவு கொடுமையாக இல்லை. இரண்டு நாளில் ஊரைப் பார்த்துவிடலாம். ஏரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கோயிலுக்கு ஒருமுறையாவது நடந்து போங்கள், தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். மேப் வாங்கினால் கீழ் வரியைப் படியுங்கள். யார் பார்த்தது, யார் அளந்தது என்று இல்லாத மேப்பை நம்பி நான் எங்கேயும் போவதில்லை.

புத்தகம் ஜூனில் வந்தது. ஏற்காடு பக்கத்தில் ஒரே தீவு, அதன் கீழே ‘ஏரிக்கரையும் தீவும்: இரா. மல்லிகா, படகுத்துறை, ஏற்காடு’. பதிப்பாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் அட்டையில் இவர் பெயர் இல்லை. உள்ளேயும் இல்லை. கேட்டதற்கு இடம் போதவில்லை என்றார். போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் செருப்பை மாட்டினேன். வேண்டாம் என்று இவர்தான் தடுத்தார். பால் பூத்காரர் கேட்டபோது, புத்தகம் இன்னும் வரவில்லை என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

அடுத்த பிப்ரவரியில் மறுபடி ஏற்காடு போனோம். மல்லிகாவின் கடையில் நல்ல கூட்டம், இரண்டு பேர் கையில் அந்தத் தீவுப் புத்தகம். எங்களைப் பார்த்ததும் கல்லாவுக்குக் கீழேயிருந்து புது மேப் ஒன்றை எடுத்து இவரிடம் நீட்டினாள். குப்பனூர் சாலை வளைந்து நெளிந்து இறங்கியது. இவர் கீழ் வரிக்குப் போனார். நானும் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன்.

‘வரைந்தது: இரா. மல்லிகா. குப்பனூர் சாலை: செயற்கைக்கோள் படம், காட்டியவர் சென்னை திரு. ரகுநாதன்.’

மை கொஞ்சம் கசிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நாற்பது மேப் வேண்டும் என்றார். ஒரு ரூபாய்க்கு ஒரு பைசா குறைக்க முடியாதுங்க என்றாள் மல்லிகா. நான்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஊருக்குத் திரும்பியதும் முதல் மேப் பால் பூத்துக்குப் போயிற்று.