அரிவாளை விடாத விரல்கள்

அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு நாங்கள் வயலில் இறங்காமல் வேலைநிறுத்தம் செய்தோம். என் வீட்டுக்காரரைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அழுதேன். விரல்கள் கோணி மடங்கின. இது வலிப்பு, இரும்பு பட்டால் நிற்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா என் கையில் கதிர் அறுக்கும் கருக்கரிவாளைத் திணித்தார்.

"அரிவாளைக் கீழ போடு!" போலீஸ்காரர் அதட்டினார். விரல் விரிந்தால்தானே போட!

ஊருக்கு வந்திருந்த நர்ஸ் ஓடிவந்தார். "வலிப்பு இல்லம்மா. ரொம்ப வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல அமிலம் குறைஞ்சிடும், விரல் இழுத்துக்கும். நிதானமா விட்டா உடம்பே சரிபண்ணிக்கும். என்கூட சேர்ந்து மூச்சு விடுங்க."

மெல்ல விரல்கள் விரிந்தன, அரிவாள் விழுந்தது. நிமிர்ந்தேன். வேன் கம்பிக்குப் பின்னால் என் வீட்டுக்காரரும் எங்களோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அதட்டிய போலீஸ்காரரும்தான்.

அதன்பிறகும் காக்கிச் சட்டையைக் கண்டு பயந்திருக்கிறேன். வெறுக்க மட்டும் முடிந்ததில்லை.